தீவைப் பிடிக்கும் ஆட்டமும் தீவில் இருந்தோரும்

போரை விளையாட்டாக ஆடுவது தகுமா? இக்கேள்விக்கு நம்மவரிடையே இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. பெற்றோர் கூறும் விடை ஒன்று. பிள்ளைகள் கூறும் விடை மற்றொன்று. "எந்நேரமும் கைப்பேசியில் சுடுவதும் கொல்வதுமாக இருக்கிறான், இவன் எங்கே உருப்படப் போகிறான்?" என்பது முன்னவர் வழக்கு. "வெறும் ஆட்டந்தானே அப்பா, இதில் யார் செத்துப் போனார்கள்?" என்பது பின்னவர் வழக்கு. இரண்டிலும் நமக்குத் திருப்தியில்லை. முன்னது, ஆட்டம் இன்னதென்று பாராமலே தீர்ப்புச் சொல்லி விடுகிறது. பின்னது, தான் கேட்ட கேள்வியின் கனத்தைத் தானே அறியவில்லை. ஏனெனில், நாம் இங்கே எடுத்துக்கொண்ட ஆட்டத்தைப் பொறுத்தவரை "யார் செத்துப் போனார்கள்?" என்ற வினாவுக்கு விடை உண்டு, நாளும் இடமும் குறித்துச் சொல்லத்தக்க விடை உண்டு.

அவ்வாட்டம் யாதெனில், ஒருவர் மாற்றி ஒருவர் முறைவைத்து ஆடும் போர்த்தந்திர ஆட்டம். திரையிலோ அட்டையிலோ ஒரு தீவின் படம் இருக்கும். படம் முழுவதும் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கும். கடலில் கப்பல்கள் நிற்கும். ஆடுவோன் தன் படைப்பிரிவுகளைப் படகிலேற்றி, பவழப்பாரைக் கடந்து, கடற்கரையில் இறக்கி, கட்டம் கட்டமாக உள்நாட்டை நோக்கிச் செலுத்த வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் நகர்வலிமை இவ்வளவு, தாக்கும் வலிமை இவ்வளவு என்று எண் உண்டு. வெடிமருந்தும் உணவும் பின்னால் வந்து சேராவிடில் முன்னே நிற்கும் படை மெலியும். தன் முறை முடிந்ததும் எதிரியின் முறை. குறித்த முறைகளுக்குள் தீவு கைவசமானால் வெற்றி. தாரவா, சைப்பான், ஐவோ ஜீமா, ஒக்கினாவா என்று பசிபிக் சமுத்திரத்தில் இரத்தம் சிந்தப்பட்ட தீவுகள் பலவும் இவ்வாறு ஆட்டப் பலகைகளாகிவிட்டன. இவற்றுள் சைப்பானையே நாம் எடுத்துக்கொள்கிறோம். 1975ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரத்து நிறுவனமொன்று அதை அட்டை ஆட்டமாக வெளியிட்டது. அதைத் தேர்ந்துகொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது தானே பின்னால் வெளிப்படும்.

முதலில் ஆட்டத்தின் பக்கம் நின்று பேசவேண்டியதைப் பேசிவிடுவோம். போரை ஆடிப் பார்ப்பது இன்று நேற்று வந்த பழக்கமன்று. சதுரங்கம் இந்திய நாட்டில் தோன்றியது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைச் சேனையே அதன் பெயருக்குக் காரணம். 1824ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், தம் தந்தையார் தொடங்கிய போராட்டத்தைத் திருத்தி, நிலப்படத்தின்மேல் ஆடும்படி அமைத்தார். அந்நாட்டுச் சேனை அதைத் தன் அதிகாரிகளுக்குப் பாடமாகவே வைத்துக்கொண்டது. ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913ஆம் ஆண்டில் பொம்மைப் போர்வீரரைக் கொண்டு ஆடும் முறையொன்றை நூலாக எழுதினார். பெரிய யுத்தத்தைவிட இச்சிறிய யுத்தம் எவ்வளவோ மேலானது, யுத்தப் பித்தர்களை இதிலேயே ஆடிக் களிக்க விட்டுவிடலாமே என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே ஐரோப்பா முழுவதும் தீப்பற்றிக்கொண்டது. அதற்கு வெல்ஸின் பொம்மைகள் பொறுப்பல்ல.

இவ்வகை ஆட்டத்தில் ஒரு பெரிய நன்மை இருப்பதாகவும் நாம் கருதுகிறோம். நம் மக்களைப் பல நூற்றாண்டுகளாக அழுத்திக் கிடக்கும் நோய்களில் தலையாயது தலைவிதி என்னும் நம்பிக்கை. நடந்தது நடந்தேயாக வேண்டியிருந்தது என்று எண்ணுகிறவன், அதை நடத்தியவன் யார் என்று கேட்கமாட்டான். போர்த்தந்திர ஆட்டம் இந்நம்பிக்கையை அடியோடு மறுக்கிறது. அதே தீவு, அதே படை, அதே நாள். ஆயினும் வடக்குக் கரையில் இறங்கினால் ஒரு முடிவு, மேற்குக் கரையில் இறங்கினால் வேறு முடிவு. சரித்திரம் ஆண்டவன் எழுதிய ஏடன்று, மனிதர் செய்த தீர்மானங்களின் தொகுதி என்பதைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் விரல் நுனியால் தெரிந்துகொள்கிறான். எத்தனை மேடைப் பேச்சுக்கள் இதைச் செய்ய முடியாமல் தோற்றிருக்கின்றன!

ஆனால் ஆட்டம் உண்மையைச் சொல்லும்போது அதைக் கேட்கும் நெஞ்சுரமும் வேண்டும். 1942ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜப்பானியக் கடற்படைத் தலைவர்கள், மிட்வே தீவைப் பிடிக்கும் திட்டத்தை மேசையின்மேல் ஆடிப் பார்த்தார்கள். ஆட்டத்தில் அவர்களுடைய விமானந்தாங்கிக் கப்பல்களின்மேல் ஒன்பது குண்டுகள் விழுந்தன என்று நடுவர் பகடையுருட்டிச் சொன்னார். தலைமை நடுவராயிருந்த உகாக்கி என்னும் தளபதி, "ஒன்பது வேண்டாம், மூன்று போதும்" என்று குறைத்துவிட்டார். மூழ்கியதாகத் தீர்ந்த கப்பல் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது. இதை அந்நாட்டுக் கடற்படையினரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் நடந்த உண்மைப் போரில் நான்கு விமானந்தாங்கிகள் கடலுக்கடியில் போயின. அவற்றை மிதக்கச் செய்ய எந்த நடுவராலும் இயலவில்லை. அக்கப்பல்களை நடத்திச் சென்றவர் நகுமோ. அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பின்மேலும் திருக்கோணமலையின்மேலும் விமானங்களை ஏவியவரும் அவரே. இரண்டாண்டு கழித்து அவர் சைப்பான் தீவில் ஒரு குகையருகே தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டார். ஆட்டத்தில் பொய்க்கணக்கு எழுதியவர்கள் அசலில் வட்டியோடு கட்டினார்கள்.

இனி சைப்பானுக்கு வருவோம். வடக்குத் தெற்காகப் பன்னிரண்டு மைல் நீளம், குறுக்கே அகன்ற இடத்தில் ஐந்து மைலுக்குச் சற்று மேல். நடுவே தாப்போச்சாவ் என்னும் மலை. 1944ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் காலை, அதன் மேற்குக் கரையில் அமெரிக்கப் படை இறங்கியது. முதல் இருபது நிமிஷத்தில் ஏறத்தாழ 8,000 பேர் கரையேறினர். தீவைக் காத்து நின்ற ஜப்பானியர் ஏறத்தாழ 30,000 பேர். ஜூலை 7ஆம் நாள் விடியுமுன் எஞ்சியிருந்த ஜப்பானியர், காயம்பட்டோர் உட்பட, கையில் அகப்பட்டதை ஏந்திக்கொண்டு சாவதற்கென்றே பாய்ந்தார்கள். ஜூலை 9ஆம் நாள் தீவு கைவசமாயிற்று என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்கரில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஏறக்குறைய 3,400 பேர். ஜப்பானியப் படையில் உயிரோடு பிடிபட்டோர் மிகச் சிலர். அதே மாதம் 18ஆம் நாள் ஜப்பானியப் பிரதமர் தோஜோ பதவி விலகினார். அவ்வாண்டு நவம்பர் முதல் சைப்பானிலிருந்து புறப்பட்ட குண்டுவிமானங்கள் தோக்கியோவைத் தாக்கலாயின. இவையெல்லாம் போர் நூல்களில் உள்ளவை. ஆட்டத்தை ஒழுங்காகச் செய்தவர்களும் இவற்றை ஒழுங்காகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்: பவழப்பார் இவ்வளவு தூரம், மலைச்சரிவு இவ்வளவு செங்குத்து, கரும்புக்காட்டில் புகுந்தால் நடை இவ்வளவு தளரும் என்று.

கரும்புக்காடு என்ற சொல்லில் நாம் நின்றுவிட்டோம். தோட்டத்துக் கணக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்குக் காடு என்பதும் தோட்டம் என்பதும் ஒன்றல்ல. கரும்பு தானே முளைத்து வரிசையாக நிற்பதில்லை. நட்டவர் யார்? வெட்டியவர் யார்? எங்கே குடியிருந்தார்கள்? ஜூன் 15ஆம் நாள் காலையில் அவர்கள் எங்கே இருந்தார்கள்?

சைப்பான் 1914ஆம் ஆண்டில் ஜெர்மானியர் கையிலிருந்து ஜப்பானியர் கைக்கு மாறியது. 1921ஆம் ஆண்டில் மத்சுயே ஹருஜி என்னும் முதலாளி அங்கே கரும்புக் கம்பெனியொன்றைத் தொடங்கினார். காட்டை அழித்தார், ஆலை கட்டினார், கரும்பைச் சுமக்க ரயில்பாதை போட்டார். வேலைக்கு ஆள்? அந்நாட்களில் ஒக்கினாவா தீவில் சர்க்கரை விலை விழுந்து கொடிய பஞ்சம் நிலவியது. ஈந்து போன்ற ஒரு மரத்தின் தண்டையும் காயையும் ஊறவைத்து நச்சுப் போக்கி உண்டார்கள். சரிவரப் போக்காமல் உண்டவர்கள் மாண்டார்கள். அப்பஞ்சத்திலிருந்து கப்பலேறியவர்களே சைப்பான் கரும்புத் தோட்டத்துக் கூலிகளும் குத்தகைக் குடிகளும் ஆனார்கள். கொரியரும் கொண்டுவரப்பட்டார்கள். தீவின் பழங்குடிகளாகிய சமோரோக்களும் கரோலினியரும் தம் மண்ணிலேயே சிறுபான்மையானார்கள். கூலியிலும் மதிப்பிலும் முதலில் உள்நாட்டு ஜப்பானியர், பிறகு ஒக்கினாவியரும் கொரியரும், அடியில் தீவுக்குரியவர் என்று வரிசை இருந்தது. பிறப்பைக் கொண்டு படிக்கட்டு கட்டும் வித்தை நம் நாட்டாருக்கு மட்டுமே தெரியும் என்று எண்ணியிருந்தோம், அப்படியில்லை போலும்.

இவ்வரலாற்றை வாசிக்கும் தோட்டத் தமிழர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. பஞ்சம், கப்பல், கம்பெனி, ஆலைச் சங்கு என்ற இவ்வரிசை நம் பாட்டன் பாட்டியர் கதையின் வரிசையேயாகும். பயிரும் கடலும் மாறியிருக்கின்றன; அவ்வளவுதான்.

அமெரிக்கப் படை இறங்கியபோது இக்குடும்பங்கள் தீவிலேதான் இருந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வடக்கே ஓடினார்கள், குகைகளில் ஒளிந்தார்கள், தண்ணீரின்றித் தவித்தார்கள். அமெரிக்கர் கையில் சிக்கினால் சித்திரவதைதான் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தீவின் வடகோடியாகிய மார்ப்பி முனையில் நிலம் முடிந்தது. அங்கே செங்குத்துப் பாறையிலிருந்து நூற்றுக்கணக்கானோர் கடலில் குதித்தார்கள். தாய்மார் குழந்தையை அணைத்தபடி குதித்தார்கள். மறுத்தவரைத் தம் நாட்டுச் சிப்பாய்களே சுட்டதும் உண்டு. போரில் மடிந்த குடிமக்கள் பல ஆயிரம். உயிர் தப்பியவர்கள் சுசுப்பே என்ற இடத்து முகாமில் வேலிக்குள் வைக்கப்பட்டார்கள்.

ஆட்டப் பலகையில் இவர்களுக்குக் காய் இல்லை. கரும்பு இருக்கிறது, பச்சை நிறத்தில். கரும்பாலை இருக்கிறது. வெட்டியவன் இல்லை. மத்சுயே முதலாளியின் சிலை இன்றும் சைப்பானில் ஒரு பூங்காவில் குண்டுபட்ட வடுவோடு நிற்கிறதென்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அவருக்குப் பூங்கா கிடைத்தது. அவருடைய கூலிகளுக்கு ஒரு கட்டங்கூடக் கிடைக்கவில்லை.

இதற்கு மறுப்பு எழும். சதுரங்கத்தில் மட்டும் குடிமக்கள் உண்டா? ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டிடையன் உண்டா? அவற்றை எவரும் குறைகூறவில்லையே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் விடை இதுவே: சதுரங்கப் பலகைக்குப் பெயர் இல்லை. அறுபத்துநான்கு கட்டங்களில் எந்தக் கட்டமும் எந்த ஊருமன்று. எவனும் அங்கே பிறக்கவில்லை, எவளும் அங்கே பிள்ளையைப் பறிகொடுக்கவில்லை. இவ்வாட்டமோ தன்மேல் "சைப்பான், 1944" என்று எழுதிக்கொண்டிருக்கிறது. அப்பெயரை வைப்பதனாலேயே அது விலைபோகிறது. உண்மையான யுத்தம், உண்மையான நிலப்படம், உண்மையான படைப்பிரிவு என்று விளம்பரஞ் செய்கிறது. ஓர் ஊரின் பெயரையும் நாளையும் கடனாக வாங்கியவன் அவ்வூரில் அந்நாளில் இருந்தோரையும் சேர்த்தே கடன் வாங்கியிருக்கிறான். பவழப்பாரின் ஆழத்தைக் கெஜக்கணக்கில் அறிந்து எழுதியவன், மக்களைப் பற்றி மட்டும் "அது நம் ஆட்டத்துக்குப் புறம்பு" என்று சொல்வதை நாம் ஏற்கமாட்டோம்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்றும் உண்டு. சரி, குடிமக்களையும் காய்களாக்கி விடுவோம். அவர்கள் மாண்டால் ஆடுவோனுக்குப் புள்ளி குறையும் என்று விதி செய்வோம். திருப்தியா என்பதே அது. இல்லை. அப்போது என்ன நேரும்? "ஐந்நூறு குடிகள் போனால் பத்துப் புள்ளி நஷ்டம், மலையைப் பிடித்தால் முப்பது புள்ளி லாபம், ஆகவே போகட்டும்" என்று சிறுவன் கணக்குப் போடுவான். இல்லாதவராக இருந்தவர் செலவுப்பணமாக மாறுவார். காணாமல் விடுவதைவிடக் கண்டு விலைபோடுவது மேலா என்று கேட்டால் நமக்கே சொல்லத் தெரியவில்லை. இப்பொருளில் நாம் நெடுநாள் தயங்கிய இடம் இதுவே.

தயக்கத்தைத் தீர்க்க நமக்கு உதவியது நம் தொழில். எண் என்பதே பாவம் என்று பேசுகிற ஞானிகளை நாம் அறிவோம். அவர்கள் ஒரு மாதமாவது தோட்டத்துச் சம்பளக் கணக்கை எழுதிப் பார்க்கவேண்டும். விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் ஆளை எண்ணாவிடில் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாவிடில் அடுப்பு எரியாது. மனிதரை எண்ணுவது தவறன்று. ஆனால் தமிழில் மனிதரை எப்படி எண்ணுகிறோம் என்று கவனியுங்கள். பத்து மாடு என்கிறோம், பத்து மரம் என்கிறோம். மனிதரென்றால் பத்துப் பேர் என்கிறோம். பேர் என்பது பெயரே. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு பெயர் உண்டு என்பதை நம் முன்னோர் எண்ணும் வழக்கிலேயே வைத்துவிட்டார்கள். செக்ரோல் புத்தகத்திலும் எண்ணுக்கெதிரே பெயர் இருக்கிறது. நேற்று வராதவன் எவன், ஏன் வரவில்லை என்று கேட்க அது இடந்தருகிறது. நாம் எண்ணும் களத்தில் இன்று நிற்பவர்களில் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். அவர்களுடைய பெயரைச் சரியாக எழுதக் கற்காமல் கடவுச்சீட்டு எண்ணை மட்டும் எழுதி வைக்கும் கிராணிமாரை எண்ணித்தான் இதைச் சொல்லுகிறோம். பெயரைத் தாங்கிய எண் வேறு, பெயரைத் தின்ற எண் வேறு.

பெயரைத் தின்ற எண் எப்படியிருக்கும் என்பதற்கு நாம் பசிபிக் சமுத்திரம் வரை போகவேண்டியதில்லை. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் ஜோகூர் நீரிணையைப் படகில் கடந்து சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். அதுவும் ஒரு தீவைப் பிடிக்கும் ஆட்டமே. 15ஆம் நாள் முடிந்துவிட்டது. அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது. அப்பாதையில் மாண்ட நேசநாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் மிகப் பலவற்றில் பெயரும் வயதும் பொறித்திருக்கிறார்கள். அதே காட்டில், அதே காலராவில், அதே ஆண்டில் மாண்ட நம் ஆட்களுக்குச் சரியான பட்டியல்கூட வைக்கப்படவில்லை. படையைச் சேர்ந்தவனுக்குப் பதிவு இருந்தது, கூலிக்கு இல்லை. போர் முடிந்து எழுதப்படும் சரித்திரமும், அச்சரித்திரத்திலிருந்து செய்யப்படும் ஆட்டமும் பதிவு உள்ளவரையே காய்களாக்கும் என்பதில் என்ன ஆச்சரியம்?

ஒக்கினாவியர் இதில் நம்மைவிட மேலானதொரு காரியஞ் செய்திருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டில் தம் தீவில் எழுப்பிய சமாதானக் கற்களில், அங்கே மாண்ட அமெரிக்கர், ஜப்பானியர், கொரியர் என்ற பேதமின்றி 240,000க்கு மேற்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். வெளித்தீவுகளில் மாண்ட ஒக்கினாவியர் பெயர்களும் அவற்றில் சேரும். சைப்பான் கரும்புத் தோட்டத்துக் கூலி, ஆட்டப் பலகையில் பெறாத இடத்தை அங்கே பெற்றிருக்கிறான்.

முறை என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இவ்வாட்டத்தின் உயிர் முறையில் இருக்கிறது: என் முறை, உன் முறை. என் முறையில் நான் யோசிக்கலாம், தேநீர் அருந்திவிட்டு வந்துகூட யோசிக்கலாம், எதிரி காத்திருப்பான். யுத்தத்தில் எவனும் காத்திருக்கமாட்டான், ஆகவே இது பொய் என்று சிலர் சொல்வர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பலிலும் தலைமைப் பாசறையிலும் நிலப்படத்தின்முன் உட்கார்ந்திருந்த தளபதிகளுக்கு முறை இருந்தது. அவர்கள் யோசித்தார்கள், நகர்த்தினார்கள், மறு தரப்பின் பதிலுக்குக் காத்தார்கள். முறை கிடைக்காதவர் வேறு. சமோரோவுக்கு 1914இலும் முறை இல்லை, 1944இலும் இல்லை. கரும்பு வெட்டியவளுக்கு ஓட மட்டுமே முடிந்தது. தமிழில் முறை என்றால் தவணையும் ஆகும், நீதியும் ஆகும். நீதி கேட்பதற்கு முறையிடுதல் என்றே பெயர். தன் தவணையில் தன் சொல்லைச் சொல்ல இடம் பெறாதவனுக்கு நீதியும் இல்லையென்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாஷையில் சொல்ல முடியும்?

பழந்தமிழர் போரிலும் இதைப் பற்றி ஒரு நினைப்பு இருந்தது. அம்பு விடுமுன், பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் நோயாளரும் பிள்ளைப்பேறு இல்லாதோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று எச்சரித்த அரசனைப் புறநானூறு புகழ்கிறது. நல்ல வழக்கமே. ஆனால் அப்பட்டியலை நாம் கண்ணை மூடிக்கொண்டு மெச்சமாட்டோம். பசுவுக்கும் பார்ப்பனருக்கும் முன்னிடம் தந்த அவ்வறிக்கையில் உழவன் எங்கே? அவனுடைய வயலில்தானே யானை நடந்தது? எவரெவர் காக்கப்படத் தக்கவர் என்று பட்டியல் போடுகிறவன், தன் காலத்தில் காணத்தக்கவராக இருந்தவரை மட்டுமே காண்கிறான். இரண்டாயிரம் ஆண்டு கழித்து அறுகோணக் கட்டம் வரைந்தவனும் அதைத்தான் செய்தான்.

இவ்விதியை மீறிய ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. கை கபால்டோன் என்பவர் பதினெட்டு வயது அமெரிக்கச் சிப்பாய். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தோடு பழகி அவர்கள் பேச்சைக் கொஞ்சங் கற்றவர். சைப்பானில் அவர் தனியே குகை வாயில்களுக்குப் போய், அரைகுறை ஜப்பானிய மொழியில், வெளியே வாருங்கள், கொல்லமாட்டோம், தண்ணீர் தருகிறோம் என்று அழைத்தார். அவ்வாறு நூற்றுக்கணக்கானோர் வெளிவந்தார்கள். கடலில் நின்ற கப்பல்களிலிருந்தும் ஒலிபெருக்கி வைத்து அழைத்தார்கள். பிடிபட்டு நன்கு நடத்தப்பட்ட ஜப்பானியக் குடிகளே அதில் பேசினார்கள். கேட்டுச் சிலர் திரும்பினர், சிலர் குதித்தனர். கபால்டோன் செய்தது ஒரு நகர்வு. நாம் கண்ட ஆட்டம் எதிலும் அதற்கு விதியில்லை. எதிரியின் கட்டத்துக்குள் வலிமை எண் இல்லாமல் நுழைந்து, பேசித் திரும்புவது என்று ஒரு நகர்வை எந்தப் பலகையில் கண்டிருக்கிறோம்?

இது செய்ய முடியாத காரியமுமன்று. போலந்து நாட்டார் 2014ஆம் ஆண்டில் ஓர் ஆட்டம் வெளியிட்டார்கள். சராயவோ நகரம் முற்றுகையிடப்பட்ட வரலாற்றைத் தழுவியது அது. ஆடுவோன் கையில் படையில்லை. இடிந்த வீட்டில் ஒடுங்கியிருக்கும் சில குடிமக்களே உண்டு. மருந்துக்கும் விறகுக்கும் அலையவேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவரிடம் திருடுவதா என்று தீர்மானிக்கவேண்டும். 2020ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சர்க்கார் அதை உயர்நிலைப்பள்ளி மாணவர் படிக்கத்தக்கவற்றின் பட்டியலில் சேர்த்தது. இலக்கியத்தோடு ஓர் ஆட்டத்தை வைத்து எண்ணுவது நம் பண்டிதர்களுக்குக் கசக்கலாம். கசக்கட்டும்.

ஆகவே பிள்ளையின் கையிலிருந்து ஆட்டத்தைப் பிடுங்கும்படி நாம் எந்தத் தகப்பனாருக்கும் யோசனை சொல்லவில்லை. பிடுங்குவதைவிட அருகே உட்கார்ந்து, "இந்தப் பச்சைக் கட்டம் என்ன தம்பி?" என்று கேட்பது பயனுள்ளது. "கரும்பு" என்பான். "யார் போட்ட கரும்பு?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம். அவன் தேடுவான், இக்காலப் பிள்ளைகள் தேடத் தெரிந்தவர்கள்.

ஆட்டஞ் செய்வோருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சைப்பான் ஆட்டம் ஜூலை 9ஆம் நாள் தீவு கைவசமானதும் முடிந்துவிடுகிறது. திரையில் வெற்றி என்று எழுத்துத் தோன்றுகிறது. ஆனால் மார்ப்பி முனையிலிருந்து மக்கள் குதித்தது பெரும்பாலும் அந்நாளையொட்டியும் அதற்குப் பின்னருமேயாகும். அந்த எழுத்து தோன்றிய பிறகு இன்னும் மூன்று முறை ஆட இடங்கொடுங்கள். அம்மூன்று முறையிலும் சுடுவதற்கு எவரும் வேண்டாம். ஒரு ஒலிபெருக்கி, ஒரு படகு, சில பீப்பாய்த் தண்ணீர், எதிரியின் பாஷை அரைகுறையாகத் தெரிந்த ஒரு சிப்பாய். இவ்வளவே ஆடுவோன் கையில் இருக்கட்டும். பாறையின் விளிம்பில் நிற்கும் ஒவ்வொருவரின்மேலும் விரலை வைத்தால் அவர் பெயர் தெரியட்டும்.